லைப்ரரி இருக்கிறது, புரோகிராம் ஓடவில்லை: லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றுக்குமான முழு வழிகாட்டி

உப்புவெளியில் எங்கள் வீட்டு விறாந்தையில் சனிக்கிழமை பின்னேரங்களில் நாலைந்து பிள்ளைகள் லேப்டாப்போடு வந்து கூடுவார்கள். சின்னதாக ஒரு மொழி உருவாக்கி, அதற்குக் கம்பைலர் (எழுதிய கோட்டை மெஷின் கோடாக மாற்றும் புரோகிராம்) எழுதிக்கொண்டிருக்கிறோம். கட்டளை வாங்கும் முன்பகுதி ஒரு பைனரி, அதாவது ஓட்டக்கூடிய கோப்பு. மெஷின் கோட் உண்டாக்கும் பகுதி தனியாக ஒரு டைனமிக் லைப்ரரி, அதாவது புரோகிராம் ஓடும்போது தேடி எடுத்துச் சேர்த்துக்கொள்ளும் கோட் கோப்பு. அதற்கு மேலே, ஓடும்போது ஏற்றப்படும் பிளகின்கள். கம்பைல் ஆகி வரும் புரோகிராமோடு கூடப் போகும் ரன்டைம் லைப்ரரி வேறு. என்னுடையது உபுண்டு. இரண்டு பேர் விண்டோஸ். ஒரு பிள்ளைக்கு வெளிநாட்டிலிருந்து அண்ணன் அனுப்பிய மேக். கடைசியாக எல்லாம் போய்ச் சேர வேண்டிய இடம், கொட்பே பக்கம் ஒரு ஐஸ் களஞ்சியத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலை பதியும் ராஸ்பெரி பை.

ஓர் இடத்தில் ஓடுவது மற்ற இடத்தில் ஓடாது. கோட் எழுதப் போன நேரத்தை விட, லைப்ரரி ஏன் ஏறவில்லை என்று தேடப் போன நேரம்தான் எங்களுக்குக் கூட. அந்தத் தேடலுக்கு இப்போது ஓர் ஒழுங்கு வந்திருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். கட்டளைப் பெயர்களை ஒலிப்படி தமிழ் எழுத்தில் தருகிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள், பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்கிறேன்.

முதலில்: தேடுவது யார்?

உவர்மலையில் ஒரு வீட்டுக்குப் போக வேண்டும். கையில் இருப்பது வீட்டுக்காரரின் பெயர் மட்டும், விலாசம் இல்லை. பார்சல் கொண்டுபோகும் பெடியன் தனக்குத் தெரிந்த ஒழுங்கைகளில், தனக்குப் பழகிய வரிசைப்படி கேட்டுக்கொண்டு போவான். அவன் போகாத ஒழுங்கையில் அந்த வீடு இருந்தால், வீடு இருந்தும் பார்சல் திரும்பி வரும்.

உங்கள் பைனரிக்குள்ளும் பெரும்பாலும் பெயர் மட்டும்தான் எழுதியிருக்கும். தேடிப் போகிறவர் லோடர், அதாவது லைப்ரரிகளைக் கண்டுபிடித்துப் புரோகிராமோடு ஏற்றும் பகுதி. ஆகவே எந்தச் சிக்கலிலும் மூன்று கேள்விகள்: தேடுவது எந்த லோடர், அது தேடும் பெயர் என்ன, எந்தெந்த இடங்களில் தேடுகிறது. இந்த மூன்றுக்கும் விடை தெரியும் முன்னர் எந்தக் கோப்பையும் எங்கேயும் கொப்பி பண்ணாதீர்கள். லைப்ரரியைக் கண்ட ஃபோல்டரிலெல்லாம் போட்டுவைத்தால் இன்றைக்கு ஓடும். அடுத்த மாதம் பழைய கொப்பி ஒன்று முந்திக்கொண்டு ஏறும். அப்போது பிழை எங்கே என்று கண்டுபிடிக்க முடியாது.

படி 1: எந்தக் கட்டத்தில் விழுந்தது என்று பிரியுங்கள்

செய்தியை முழுதாக, கடைசி எழுத்து வரை வாசியுங்கள். "கேனாட் ஃபைண்ட் மைனஸ் எல்" என்று தொடங்கி ஒரு பெயர் வந்தால் பேசுவது லிங்கர், அதாவது பில்ட் நேரத்தில் துண்டுகளை இணைத்துப் பைனரி ஆக்கும் கருவி. புரோகிராம் இன்னும் உருவாகவே இல்லை. "எரர் வைல் லோடிங் ஷேர்ட் லைப்ரரீஸ்" என்று வந்தால் புரோகிராம் உருவாகிவிட்டது, தொடங்கும் நேரத்தில் லினக்ஸ் லோடர் பேசுகிறது. அப்போது வெளியேறும் எண் 127. புரோகிராம் தொடங்கி, நடுவில் பிளகின் ஏற்றும்போது விழுந்தால் அது டிஎல்ஓபன் (ஓடும்போதே லைப்ரரி ஏற்றும் ஃபங்ஷன்) கட்டம்.

இந்த மூன்றாவதில் பிழையைக் கோட்டுக்குள்ளேயே விழுங்கிவிடுவது பலர் செய்வது. எங்கள் கம்பைலரிலும் முதலில் "பிளகின் ஏறவில்லை" என்று மட்டும் அச்சடித்தோம். அந்த ஒரு வரி எங்களுக்கு இரண்டு சனிக்கிழமைகளைத் தின்றது. டிஎல்ஓபன் தோற்ற உடனே டிஎல்எரர் கூப்பிட்டு, அது தரும் வாசகத்தை அப்படியே அச்சடியுங்கள். விண்டோஸில் கெட்லாஸ்ட்எரர். இடையில் வேறு எதையும் கூப்பிட்டால் எண் மாறிவிடும், முதலில் அதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: இந்த மெஷினுக்கான கோப்புத்தானா?

இதைச் சோதிக்காமல் மேலே போகாதீர்கள். ஒரு நாள் இரவு எட்டு மணிபோல களஞ்சியத்திலிருந்து தம்பி ஒருவன் கூப்பிட்டான்.

"அண்ணா, ஃபைல் கண்ணுக்கு முன்னால இருக்கு. ஆனா ஓட விட்டா 'நோ சச் ஃபைல் ஓர் டைரக்டரி' எண்டு வருது."

"எல்எஸ் அடிச்சுப் பார்த்தியா?"

"பார்த்தன் அண்ணா. பச்சை எழுத்தில காட்டுது. எக்ஸிகியூட் பெர்மிஷனும் இருக்கு."

"எந்த ஆர்க்கிடெக்சர்?"

"யூநேம் மைனஸ் எம் அடிச்சன். ஏஆர்ச்64 எண்டுதான் வருது. நாங்க பில்ட் பண்ணினதும் அதுக்குத்தானே."

அவன் சொன்னது ஒவ்வொன்றும் சரி (ஆர்க்கிடெக்சர் என்பது சிபியு வகை, ஏஆர்ச்64 என்றால் 64 பிட் ஆர்ம்). ஆனாலும் ஓடவில்லை. டைனமிக் லைப்ரரி கேட்கும் லினக்ஸ் பைனரி ஒவ்வொன்றுக்குள்ளும் தனக்கான லோடரின் முழு விலாசம் எழுதியிருக்கும். 64 பிட் ஆர்முக்கு அது /லிப்/எல்டி-லினக்ஸ்-ஏஆர்ச்64.எஸ்ஓ.1. அந்த லோடர் அந்த மெஷினில் இல்லையென்றால் கேர்னல் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) "அப்படி ஒரு கோப்பு இல்லை" என்கிறது. இல்லாதது லோடர். செய்தியில் வருவதோ நீங்கள் தட்டிய புரோகிராமின் பெயர்.

சரி, 64 பிட் மெஷினில் 64 பிட் லோடர் ஏன் இல்லை? யூநேம் சொல்வது கேர்னலைப் பற்றி மட்டும். ராஸ்பெரி பை 4 போன்றவற்றில் 32 பிட் ஓஎஸ் போட்டாலும் கேர்னல் 64 பிட்டாக எழும்பக்கூடும். கேர்னலுக்கு மேலே இருக்கும் லைப்ரரிகள் எல்லாம் 32 பிட். அவனை "கெட்கான்ஃப்" அடித்து, ஓர் இடைவெளி விட்டு, பெரிய எழுத்தில் "லாங் அண்டர்ஸ்கோர் பிட்" கேட்கச் சொன்னேன். 32 என்று வந்தது. "டிபிகேஜி மைனஸ் மைனஸ் பிரிண்ட் ஆர்க்கிடெக்சர்" கேட்டால் ஆர்ம்எச்எஃப். அதன் லோடர் /லிப்/எல்டி-லினக்ஸ்-ஆர்ம்எச்எஃப்.எஸ்ஓ.3. 32 பிட்டுக்கு மறுபடி பில்ட் பண்ணி அனுப்பினோம், ஓடியது.

ஆகவே "ஃபைல்" கட்டளையைப் பைனரி மீதும், அது கேட்கும் ஒவ்வொரு லைப்ரரி மீதும் ஓட்டுங்கள். 32 பிட்டா 64 பிட்டா, எந்த ஆர்க்கிடெக்சர், எந்த லோடர் என்று ஒரே வரியில் சொல்லிவிடும். லோடர் பெயரில் "மஸல்" என்று வந்தால் அது ஆல்பைன் போன்ற டிஸ்ட்ரோவுக்கான (லினக்ஸ் வகைக்கான) பைனரி. சாதாரண உபுண்டுவில் அது இதே செய்தியோடு விழும். உபுண்டு பைனரி ஆல்பைனில் விழுவதும் அப்படியே.

படி 3: என்ன பெயரைத் தேடுகிறது?

"ரீட்எல்ஃப் மைனஸ் சின்ன டி" ஓட்டி, "நீடட்" என்ற வரிகளைப் பாருங்கள். அவைதான் பைனரி கேட்கும் பெயர்கள். "எல்டிடி" சுகமானது, "நாட் ஃபவுண்ட்" என்று பளிச்சென்று காட்டும். ஆனால் அது சில வேளைகளில் அந்தப் புரோகிராமையே ஓடவிடக்கூடும். நம்பிக்கை இல்லாத இடத்திலிருந்து வந்த பைனரியில் எல்டிடி போடாதீர்கள். வேறு ஆர்க்கிடெக்சர் பைனரியிலும் அது உதவாது, ரீட்எல்ஃப் உதவும்.

லைப்ரரிக்கு மூன்று பெயர்கள் உண்டு. ஃபூ என்று ஒன்றை வைத்துக்கொள்வோம். லிங்கர் தேடுவது லிப்ஃபூ.எஸ்ஓ. லோடர் தேடுவது லிப்ஃபூ.எஸ்ஓ.1, இதுதான் எஸ்ஓநேம், லைப்ரரிக்குள்ளேயே எழுதியிருப்பது. உண்மையான கோப்பு லிப்ஃபூ.எஸ்ஓ.1.2.3. முதல் இரண்டும் சிம்லிங்க், உண்மையான கோப்பைச் சுட்டும் குறுக்குவழிகள். பென்டிரைவில் கொப்பி பண்ணிக் கொண்டுபோனால் இந்தச் சிம்லிங்குகள் தொலைந்துவிடும், ஏனென்றால் எஃப்ஏடி32, எக்ஸ்ஃபேட் இரண்டிலும் சிம்லிங்க் என்ற சாமானே இல்லை. டார் கோப்பாகக் கட்டிக் கொண்டுபோங்கள். கட்டிய பொதிக்குள் சிம்லிங்க் பத்திரமாக இருக்கும்.

எஸ்ஓநேம் வைக்காமல் லைப்ரரி பில்ட் பண்ணி, அதன் முழுப் பாதையைக் கொடுத்து லிங்க் செய்தால், நீடட் வரியில் அந்தப் பாதையே ஏறிவிடும். உங்கள் ஹோம் ஃபோல்டர் பெயர் இன்னொருவர் மெஷினில் தேடப்படும். நீடட் வரியில் சாய்கோடு கண்டால் காரணம் இதுதான்.

படி 4: லினக்ஸ் எங்கெங்கே தேடுகிறது?

ஊகிக்க வேண்டாம், லோடரிடமே கேளுங்கள். பெரிய எழுத்தில் "எல்டி அண்டர்ஸ்கோர் டீபக்" என்ற சூழல் மாறிக்கு (டெர்மினல் புரோகிராமுக்குக் கொடுக்கும் மதிப்பு) "லிப்ஸ்" என்ற மதிப்புக் கொடுத்து, அதே வரியில் புரோகிராமை ஓட்டுங்கள். ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி) உள்ள எந்த லினக்ஸிலும் வேலை செய்யும். எந்த லைப்ரரியைத் தேடத் தொடங்கியது, எந்தப் பாதைப் பட்டியல், அந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது, எந்தக் கோப்பை முயன்றது என்று வரி வரியாக வரும். இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றை ஞாபகம் வைத்திருக்க வேண்டுமென்றால் இதை வையுங்கள்.

தேடும் வரிசை இது. அதில் வரும் ஆர்பாத், ரன்பாத் இரண்டும் பைனரிக்குள் எழுதிவைக்கும் தேடல் பாதைகள். பைனரிக்குள் ஆர்பாத் இருந்து ரன்பாத் இல்லாவிட்டால் முதலில் ஆர்பாத். பிறகு எல்டி லைப்ரரி பாத் என்ற சூழல் மாறி (பெரிய எழுத்தில், சொற்களுக்கிடையே அண்டர்ஸ்கோர்). பிறகு ரன்பாத். பிறகு எல்டிகான்ஃபிக் கட்டளை கட்டிவைத்த கேஷ், அதாவது லைப்ரரிகளின் இருப்பிடப் பட்டியல். கடைசியாக /லிப், /யுஎஸ்ஆர்/லிப் போன்ற வழக்கமான இடங்கள்.

ஆர்பாத், ரன்பாத் இரண்டும் ஒரே பொருளின் இரு பெயர்கள் என்று நானும் கனகாலம் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஆர்பாத் பேரப்பிள்ளை வரைக்கும் செல்லும்: புரோகிராம் ஒரு லைப்ரரியைக் கேட்க, அந்த லைப்ரரி இன்னொன்றைக் கேட்டால், புரோகிராமின் ஆர்பாத் அதற்கும் உதவும். ரன்பாத் சொந்தப் பிள்ளைக்கு மட்டும். இன்றைய உபுண்டு, டெபியன் இரண்டிலும் லிங்கர் தானாக எழுதுவது ரன்பாத். அதனால் முதல் லைப்ரரி ஏறிவிடும். அது கேட்கும் இரண்டாவது, பக்கத்திலேயே இருந்தும் கிடைக்காது. தீர்வு, ஒவ்வொரு லைப்ரரிக்கும் அதனதன் ரன்பாத்தைக் கொடுப்பது.

அதில் எழுத வேண்டியது முழுப் பாதை அல்ல. டாலர் குறி போட்டு, பெரிய எழுத்தில் "ஒரிஜின்". அந்தக் கோப்பு இப்போது எங்கே இருக்கிறதோ அந்த ஃபோல்டர் என்று லோடர் அதை விளங்கிக்கொள்ளும். பைனரி பின் ஃபோல்டரிலும் லைப்ரரி லிப் ஃபோல்டரிலும் இருந்தால், பைனரிக்கு "டாலர் ஒரிஜின், ஒரு படி மேலே, லிப்". லைப்ரரிகளுக்கு வெறும் டாலர் ஒரிஜின். ஷெல்லில் தட்டும்போது ஒற்றை மேற்கோளுக்குள் போடுங்கள். போடாவிட்டால் ஷெல் அதைத் தன் மாறி என்று எண்ணி வெறுமையாக்கிவிடும். மேக்ஃபைலுக்குள் (பில்ட் கட்டளைகள் எழுதும் கோப்பு, மேக் கணினி அல்ல) என்றால் டாலரை இரட்டிக்க வேண்டும். ஏற்கெனவே பில்ட் ஆனதைத் திருத்த "பேட்ச்எல்ஃப்" இருக்கிறது.

சிமேக் என்ற பில்ட் கருவி பாவிப்பவர்களுக்கு: பில்ட் ஃபோல்டரில் ஓடும் புரோகிராம் இன்ஸ்டால் செய்த பின் விழுந்தால் பயப்படாதீர்கள். பில்ட் நேரத்தில் சிமேக் தானாக ஆர்பாத் போடும், இன்ஸ்டால் நேரத்தில் அதைக் கழற்றிவிடும். "சிமேக் இன்ஸ்டால் ஆர்பாத்" (பெரிய எழுத்தில், சொற்களுக்கிடையே அண்டர்ஸ்கோர்) என்ற மாறிக்கு மேலே சொன்ன ஒரிஜின் பாதையைக் கொடுங்கள்.

எல்டி லைப்ரரி பாத் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். நோயைக் கண்டுபிடிக்க நல்லது, மருந்தாகப் பாவிக்கக் கூடாது. பேஷ்ஆர்சியில் (டெர்மினல் திறக்கும்போது ஓடும் கோப்பு) போட்டுவைத்தால் அந்த மெஷினில் ஓடும் ஒவ்வொரு புரோகிராமையும் அது தொடும். ஒரு தம்பியின் லேப்டாப்பில் அப்படிப் போட்டதால் எங்கள் கம்பைலர் ஓடியது, அவனுடைய வேறு இரண்டு புரோகிராம்கள் நின்றன.

படி 5: விண்டோஸ்

விண்டோஸில் ஆர்பாத் போன்ற ஒன்று இல்லை. வழமையான வரிசை: புரோகிராம் இருக்கும் ஃபோல்டர், சிஸ்டம்32, பழைய 16 பிட் சிஸ்டம் ஃபோல்டர், விண்டோஸ் ஃபோல்டர், நீங்கள் நிற்கும் ஃபோல்டர், கடைசியாக பாத் மாறியில் உள்ளவை. நேர்மையான வழி ஒன்றுதான்: தேவையான டிஎல்எல்களை (விண்டோஸின் டைனமிக் லைப்ரரிகள்) புரோகிராமின் பக்கத்திலேயே வையுங்கள்.

டெர்மினலில் ஓட்டும்போது சில வேளை எந்தச் செய்தியும் இல்லாமல் நின்றுவிடும். வெளியேறிய எண்ணைப் பாருங்கள். -1073741515 என்றால் ஒரு டிஎல்எல் கிடைக்கவில்லை. -1073741701 என்றால் 32 பிட்டும் 64 பிட்டும் கலந்துவிட்டன. -1073741511 என்றால் டிஎல்எல் கிடைத்தது, அதற்குள் கேட்ட ஃபங்ஷன் இல்லை. பெரும்பாலும் வேறு பதிப்பு டிஎல்எல் ஒன்று பாத் வழியாக முந்திக்கொண்டு வந்திருக்கும்.

பிளகின் ஏற்றும்போது பிழை எண் 126 வந்தால், "குறித்த மாட்யூல் இல்லை" என்று பிளகினின் பெயரைத்தான் காட்டும். பிளகின் அங்கேதான் இருக்கும். இல்லாதது அந்தப் பிளகின் கேட்கும் இன்னொரு டிஎல்எல். ராஸ்பெரி பையில் நடந்த அதே கதை, வேறு உடுப்பில். "டம்ப்பின்" கட்டளையை டிபெண்டன்ட்ஸ் தெரிவோடு ஓட்டினால் பட்டியல் வரும். படமாகப் பார்க்க "டிபெண்டன்சீஸ்" என்ற இலவசக் கருவி இருக்கிறது. இவற்றில் பிடிபடாவிட்டால் "புராசஸ் மானிட்டர்" திறந்து, உங்கள் புரோகிராமின் பெயருக்கு வடிகட்டி போட்டு, "நேம் நாட் ஃபவுண்ட்" என்ற வரிகளைப் படியுங்கள். தேடிய ஒழுங்கை ஒவ்வொன்றும் அதில் இருக்கும்.

மிங்டபிள்யூவில் (விண்டோஸுக்கான ஜிசிசி கம்பைலர்) பில்ட் பண்ணினால் லிப்ஜிசிசி, லிப்ஸ்டிடிசி++-6, லிப்வின்பித்ரெட்-1 என்ற டிஎல்எல்கள் கூடவே போக வேண்டி வரும். உங்கள் மெஷினில் அவை பாத்தில் இருப்பதால் குறை தெரியாது. மைக்ரோசாஃப்ட் கம்பைலர் என்றால் அதற்குரிய விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள். பைதான் எக்ஸ்டென்ஷன் எழுதுகிறவர்கள் ஒன்று கவனியுங்கள்: பைதான் 3.8 முதல், எக்ஸ்டென்ஷன் கேட்கும் டிஎல்எல்களைப் பாத் மாறியில் தேடுவதில்லை. "ஓஎஸ் டாட் ஆட் டிஎல்எல் டைரக்டரி" (ஆட் முதல் சொற்களுக்கிடையே அண்டர்ஸ்கோர்) மூலம் ஃபோல்டரைச் சொல்ல வேண்டும்.

படி 6: மேக்

மேக்கின் லோடர் டிஒய்எல்டி. அதன் பிழைச் செய்தி மூன்றிலும் தெளிவானது. எந்த லைப்ரரி, கேட்டது யார், எந்தெந்தப் பாதைகளை முயன்றது, ஒவ்வொன்றும் ஏன் தோற்றது என்று எழுதியிருக்கும். எங்கள் பிள்ளையின் மேக்கில் "ஹேவ் எக்ஸ்86-64, நீட் ஆர்ம்64" என்று வந்தது. இன்டெல் காலத்து ஹோம்ப்ரூ (மேக்கில் மென்பொருள் நிறுவும் கருவி) /யுஎஸ்ஆர்/லோக்கல் ஃபோல்டரிலும், ஆப்பிள் சிலிக்கான் ஹோம்ப்ரூ /ஆப்ட்/ஹோம்ப்ரூ ஃபோல்டரிலும் இருக்கும். பழைய மெஷினிலிருந்து மாற்றிய மேக்கில் இரண்டும் இருந்தன.

இங்கே ஒவ்வொரு லைப்ரரியும் தன்னை எப்படிக் கூப்பிட வேண்டும் என்பதைத் தானே சொல்கிறது. அதற்குப் பெயர் இன்ஸ்டால் நேம். லிங்க் செய்யும்போது அந்தப் பெயர் அப்படியே உங்கள் பைனரிக்குள் ஏறும். "ஓடூல் மைனஸ் பெரிய எல்" காட்டும். இன்ஸ்டால் நேமை "அட் ஆர்பாத்" என்று தொடங்க வையுங்கள். பைனரியின் ஆர்பாத்தில் "அட் லோடர் பாத்" கொடுங்கள். அதுதான் லினக்ஸின் ஒரிஜினுக்குச் சமம். திருத்த "இன்ஸ்டால் நேம் டூல்" (சொற்களுக்கிடையே அண்டர்ஸ்கோர்).

திருத்திய பிறகு ஆப்பிள் சிலிக்கானில் புரோகிராம் "கில்ட் 9" என்று மட்டும் சொல்லிச் சாகலாம். கோப்பைத் தொட்டதால் கையொப்பம் கெட்டுவிட்டது. "கோட்சைன்" கட்டளையில் மைனஸ் எஃப், மைனஸ் எஸ், அதன் பின் தனி மைனஸ் ஒன்று போட்டு மறுபடி ஒப்பமிடுங்கள். இன்னொன்று, 2015இல் வந்த எல் கேப்பிடன் முதல், /பின்/எஸ்எச் போன்ற சிஸ்டம் பைனரி வழியாகப் போனால் டிஒய்எல்டி என்று தொடங்கும் சூழல் மாறிகள் கழற்றப்படும். டெர்மினலில் வேலை செய்து, ஸ்கிரிப்டுக்குள் போட்டால் வேலை செய்யாததற்குக் காரணம் அது.

படி 7: கிடைத்தது, ஆனால் பதிப்புப் போதாது

"வேர்ஷன் ஜிலிப்சி 2.34 நாட் ஃபவுண்ட்" என்று வந்தால் புதிய மெஷினில் பில்ட் பண்ணிப் பழையதில் ஓட்டுகிறீர்கள். உபுண்டு 20.04இல் ஜிலிப்சி 2.31, 22.04இல் 2.35. ஒரு வரி அச்சடிக்கும் புரோகிராமைக் கூட 22.04இல் பில்ட் பண்ணி 20.04இல் ஓட்ட முடியாது, ஏனென்றால் 2021இல் வந்த 2.34இல் புரோகிராமைத் தொடக்கிவிடும் ஃபங்ஷனுக்கே புதுப் பதிப்பு எண் கொடுத்தார்கள். தலைகீழாக, பழையதில் பில்ட் பண்ணினால் புதியதில் ஓடும். ஜிலிப்சியை மட்டும் கொப்பி பண்ணிக் கொண்டுபோக முயலாதீர்கள். லோடரும் அதுவும் ஒரே பதிப்பாக இருந்தே ஆக வேண்டும். நீங்கள் ஆதரிக்கும் மிகப் பழைய டிஸ்ட்ரோவின் கன்டெய்னருக்குள் (உங்கள் மெஷினிலேயே தனித்து ஓடும் சூழல்) பில்ட் பண்ணுங்கள்.

படி 8: குறுக்குக் கம்பைலுக்கே உரிய சிக்கல்கள்

இங்கே இரண்டு உலகம். கம்பைலர் ஓடும் மெஷின் ஒன்று, கம்பைல் ஆனது ஓடும் மெஷின் வேறு. கம்பைலரின் பிளகின் எப்போதும் முதல் உலகத்துக்கானது. ராஸ்பெரி பைக்குப் பில்ட் செய்யும் மும்முரத்தில் பிளகினையும் ஆர்முக்குப் பில்ட் பண்ணிவிட்டால் உங்கள் லேப்டாப்பில் அது ஏறாது. ரஸ்ட் மொழியின் புரோக்-மேக்ரோக்களும் இப்படித்தான், கம்பைலருக்குள் ஏறும் லைப்ரரிகள், ஆகவே கம்பைலர் ஓடும் மெஷினுக்கே பில்ட் ஆகும். ரன்டைம் லைப்ரரி இரண்டாம் உலகத்துக்கானது. எங்கள் வீட்டில் இரண்டுக்கும் தனித்தனி ஃபோல்டர் வைத்த நாளோடு இந்தச் சிக்கல் போயிற்று.

லிங்க் செய்யும்போது நேரடியாகக் கேட்காத ஏதோ ஒரு லைப்ரரி கிடைக்கவில்லை என்று லிங்கர் எச்சரித்தால், அதற்கு வேண்டியது "ஆர்பாத் லிங்க்" என்ற தெரிவு. அது லிங்கருக்கு மட்டும் வழி காட்டும், பைனரிக்குள் எதையும் எழுதாது. லேப்டாப்பிலேயே ஆர்ம் பைனரியைச் சோதிக்க கியூஎமு (வேறு சிபியுவைப் போல நடிக்கும் புரோகிராம்) போதும். "மைனஸ் பெரிய எல்" கொடுத்து சிஸ்ரூட் ஃபோல்டரை (ஆர்ம் மெஷினின் லைப்ரரிகள் வைத்த ஃபோல்டர்) காட்டாவிட்டால் லோடர் இல்லை என்று அதுவும் முறையிடும்.

படி 9: ஒப்படைக்கும் முன்

இன்ஸ்டால் செய்து முடிந்ததும் பில்ட் ஃபோல்டரின் பெயரை மாற்றுங்கள். சூழல் மாறிகள் இல்லாத புது டெர்மினல் ஒன்றைத் திறந்து, இன்ஸ்டால் ஆன ஃபோல்டரை வேறோர் இடத்துக்கு நகர்த்தி, அங்கிருந்து ஓட்டுங்கள். நகர்த்தும் இடத்தின் பெயரில் வேண்டுமென்றே ஓர் இடைவெளி வையுங்கள். போன சனிக்கிழமை மேக் பிள்ளை அப்படிச் செய்தபோது, பழைய பில்ட் ஃபோல்டரைச் சுட்டிக்கொண்டிருந்த ஆர்பாத் ஒன்று அகப்பட்டது. திருத்தி, ஒப்பமிட்டு, மறுபடி ஓட்டினாள். அதன் பிறகுதான் டார் கட்டி மற்றவர்களுக்கு அனுப்பினோம்.